தீவன மூட்டைக்குப் பின்னால் மாதா

கழுத்தை அறுத்து நீல டிரம்முக்குள் போட்டுவிட்டால் உள்ளே ஒரு நிமிஷம் போல அடித்துக்கொண்டு கிடக்கும், அந்த ஒரு நிமிஷம்தான் நான் சும்மா நிற்கிற நேரம், சும்மா நின்றால்தான் எனக்கு யோசனை வரும், கை ஓடும்போது மண்டை ஓடாது. அதனால் காலை ஆறு மணியிலிருந்து நான் யோசித்ததெல்லாம் துண்டு துண்டாக, கோழி கோழியாகத்தான். இப்போது பன்னிரண்டே கால். ஒரு மணிக்கு ஆராதனை முடியும், முடிந்ததும் என் வீட்டுக்காரர் ஆசீர் வருவார், கூடவே பாஸ்டர் வருவார், பாஸ்டரம்மா வருவார்கள், மூன்று பேரும் இதே கடையில் வந்து நின்று, தீவன மூட்டைக்குப் பின்னால் சாக்கில் சுற்றி வைத்திருக்கிற மாதா சுரூபத்தை நான் என் கையாலே உடைப்பதைப் பார்ப்பார்கள். உடைத்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கால்வாயில் எனக்கு முழுக்கு ஞானஸ்நானம், அதோடு நானும் சபையில் ஒருத்தி. உடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று பாஸ்டர் சொல்லவில்லை. இவரும் சொல்லவில்லை. அது எனக்குத்தான் தெரியும், என் விலா எலும்புக்குத் தெரியும். “உனக்கென்ன ஜெசிந்தா, ஒரு நாளைக்கு எத்தனை கோழி வெட்டுத, ஒரே போடு” என்றார்கள் பாஸ்டரம்மா, என் தோளைத் தட்டிச் சிரித்துக்கொண்டே. நானும் சிரித்தேன். எனக்குச் சிரிப்பு சுளுவாக வரும், சின்ன வயதிலிருந்தே அப்படி, பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கும்போதுகூடச் சிரிப்பேன், அதனால் இன்னும் இரண்டு அடி விழும். டிரம் அமைதியாகிவிட்டது. எடுக்க வேண்டும்.

தோலை உரிப்பது துணி உரிவது மாதிரி, ஒரு இடத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தால் மொத்தமும் வந்துவிடும், உள்ளே ரோஸ் நிறத்தில், சூடாக, அப்போதுதான் குளிப்பாட்டின பிள்ளை மாதிரி இருக்கும், அப்படி நினைக்கக் கூடாது, நினைத்துவிட்டால் வெட்ட முடியாது, நான் வெட்டிவிடுவேன். என் மகள் கெசியா முட்டை அட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டிப்போட்ட கோழிக்காலை வைத்து விளையாடுகிறாள், வெட்டின இடத்தில் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருக்கிற நரம்பைப் பிடித்து இழுத்தால் விரல் நாலும் மூடும், விட்டால் விரியும், “டாட்டா சொல்லு, டாட்டா சொல்லு” என்று அதோடு பேசிக்கொண்டிருக்கிறாள். நாலு வயது. ஞாயிற்றுக்கிழமையானால் இந்த ஊரில் யார் எந்தக் கோயில் என்று நான் காதைப் பார்த்தே சொல்லிவிடுவேன். முதல் பூசை முடிந்து ஏழு மணிக்கு வருகிறவர்கள் எங்கள் ஆர்.சி.க்காரர்கள், முக்காடு பாதி சரிந்திருக்கும், சேலையில் சாம்பிராணி மணக்கும், காதில் கம்மல் இருக்கும். பத்து மணிக்கு மேல் சி.எஸ்.ஐ., தலை நிறையப் பூ, கையில் ஜிப் வைத்த உறையில் வேதப்புத்தகம், கம்மல் இன்னும் பெரிதாக இருக்கும். ஒரு மணிக்கு மேல் எங்கள் சபைக்காரர்கள், வெள்ளைச் சேலை, பூ இல்லை, காது மூளி, “ரத்தம் நல்லா வடியட்டும் சிஸ்டர், ரத்தத்தோட புசிக்கக் கூடாது” என்று சொல்லித்தான் வாங்குவார்கள். எங்கள் சபை என்று சொல்கிறேன், ஆனால் நான் இன்னும் முழுகவில்லை. முழுகாததால்தான் ஞாயிற்றுக்கிழமை கடையில் நான் நிற்கிறேன். இவர் முழுகினவர், ஓய்வுநாளில் கத்தி பிடிக்கக் கூடாது. கடையை அடைத்துவிடலாம் என்றுதான் முதலில் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை அடைத்தால் இந்தக் கடை எதற்கு, பாஸ்டரே யோசித்துப் பார்த்துவிட்டு, “சகோதரி இன்னும் ஞானஸ்நானம் எடுக்கலையே பிரதர், அதுவரைக்கும் அவங்க நிக்கட்டும்” என்றார். ஆக எனக்கு ரட்சிப்பு வந்தால் கடைக்கு ஒரு நாள் போகும். அதையும் இவர் யோசித்துத்தான் வைத்திருப்பார், யார் கண்டது. கம்மலை நானும் கழற்றிக் கொடுத்துவிட்டேன், ஆனால் துளை தூர்ந்துவிடக் கூடாதென்று படுக்கும்போது இரண்டு காதிலும் ஈர்க்குச்சி சொருகிக்கொள்கிறேன். விடிந்ததும் எடுத்துவிடுவேன். ஆண்டவருக்குத் தெரியாமலா இருக்கும். தெரிந்தாலும் அவர் ஈர்க்குச்சிக்கெல்லாம் கோபப்படுகிற ஆள் இல்லை என்பது என் எண்ணம்.

காலையில் எங்கள் ஊர் பிலோமி அக்கா வந்தாள், பூசையிலிருந்து நேரே. “என்ன ஜெசி, ஆளையே காணும். கோயில் பக்கம் வந்தா காலு சுடுதாக்கும்.” “வந்தாலும் பின்னால பெஞ்சுலதானக்கா உக்காரணும்.” “உக்காந்துட்டுப் போயேன். பின்னால பெஞ்சுல காத்து நல்லா வரும்.” அவளுக்கு எல்லாமே சுலபம். “நிசமாவே வெள்ளைச் சேலை கெட்டப் போறியாமே, நமக்கெல்லாம் ரெத்தக்கறை போவாதுட்டி, யோசிச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு ஈரல் கூட ஒன்று போடச் சொன்னாள். நான் போட்டேன். பின்னால் பெஞ்சு விவகாரம் என்னவென்றால், எனக்கும் இவருக்கும் கல்யாணம் சி.எஸ்.ஐ. கோயிலில் நடந்தது, இவர் அம்மா அதில் பிடிவாதமாக இருந்தார்கள், எங்கள் பங்குச் சாமியார் அனுமதி வாங்காமல் நடந்த கல்யாணம் செல்லாது என்று சொல்லிவிட்டார், அன்றிலிருந்து எனக்குப் பூசையில் கொடுக்கிற நன்மை அப்பம் கிடையாது, எல்லாரும் எழுந்து வரிசையில் போய் நாக்கை நீட்டும்போது நான் முழங்காலில் நின்றபடி முன்னால் பெஞ்சின் ஆணியை எண்ணிக்கொண்டிருப்பேன். சி.எஸ்.ஐ.யில் கல்யாணம் செல்லும், ஞானஸ்நானமும் செல்லும், ஆனால் மாதா செல்லாது. சபையில் கல்யாணம் செல்லும், ஞானஸ்நானம் செல்லாது, “அது தெளிப்பு சகோதரி, பிள்ளை தலையில தண்ணி தெளிச்சா தும்மல்தான் வரும்” என்று பாஸ்டர் சிரிப்புக் காட்டினார். ஒருத்தர் கல்யாணம் செல்லாது என்றார், ஒருத்தர் மாதா செல்லாது என்றார், ஒருத்தர் ஞானஸ்நானம் செல்லாது என்றார். அடி மட்டும் எல்லாக் கோயிலிலும் செல்லும். விலா வீங்கி மூச்சு விட முடியாமல் போய்ச் சொன்னபோது சாமியாரும் பொறுத்துக்கோ என்றார், சி.எஸ்.ஐ. கோயில் ஐயரும் பொறுத்துக்கோ என்றார், அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் பிரிவினையே கிடையாது.

அடுத்தது நாட்டுக்கோழி, ஒரு சேவல், பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் காலையிலேயே சொல்லிவிட்டுப் போனது. பிராய்லர் பாவம், அதற்குத் தான் சாவது தெரியாது, பிடித்தால் பிடித்த இடத்தில் இருக்கும். சேவல் தெரிந்துகொண்டு வரும். கையைக் கொத்தும், முள்ளால் கீறும், இரண்டு றெக்கையையும் பின்னால் ஒன்றாகப் பிடித்து முழங்காலால் அமுக்கிக்கொண்டுதான் அறுக்க வேண்டும், அப்படி அமுக்கும்போது என் முழங்கால் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியும், இவர் முழங்கால் இருந்த இடம் அது, என் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில். நல்ல ஆள்தான். குடிக்காத நேரத்தில் எனக்குப் பூரி சுட்டுக் கொடுப்பார். குடித்துவிட்டால் என்ன கையில் கிடைக்கிறதோ அது, சோற்றுக் கரண்டி, பெல்ட், ஒரு தடவை சைக்கிள் பம்ப். முடியைப் பிடித்துச் சிமென்ட் தரையில் இழுத்துக்கொண்டு போவார், ஒரு வார்த்தை பேச மாட்டார், அதுதான் பயமாக இருக்கும், மற்ற வீட்டு ஆம்பிளைகள் வைதுகொண்டே அடிப்பார்கள், இவர் சத்தமே போடாமல் மரம் வெட்டுகிற மாதிரி. நான் இரண்டு முழங்கையாலும் தலையை மூடிக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொல்லுவேன், வாய்விட்டு, வேகமாக, மூச்சுக்கு ஒன்று. ஒரு நாள் ராத்திரி அது அவருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. அலமாரியில் இருந்த மாதாவை எடுத்து என்மேல் எறிந்தார், எனக்குப் படவில்லை, சுவரில் பட்டது. எங்கள் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்தது, முழங்கை உயரம், நீல முந்தானை. கழுத்து இரண்டாகிவிட்டது, மூக்கு தெறித்து எங்கேயோ போய்விட்டது. அவர் அப்படியே விழுந்து தூங்கிவிட்டார். நான் எழுந்து முதலில் மூக்கைத் தேடினேன். கட்டிலுக்கடியில், அடுப்படியில், துடைப்பத்தை எடுத்து, அரை மணி நேரம் தேடியிருப்பேன், பிறகு பார்த்தால் கெசியா, அப்போது பத்து மாதம், தவழ்ந்துகொண்டு எதையோ வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டிருக்கிறாள். விரலை விட்டுத் தோண்டினேன். மாதாவின் மூக்கு. எச்சில் வடிய வடிய. எனக்கு உதடு கிழிந்து ரத்தம் ஒழுகுகிறது, நான் சிரிக்கிறேன், பிள்ளை நான் சிரிப்பதைப் பார்த்து அதுவும் சிரிக்கிறது. மறுநாள் எம்-சீல் வாங்கிக் கழுத்தையும் மூக்கையும் ஒட்டினேன், மூக்கு கொஞ்சம் கோணி, தடிமன் பிடித்து மூக்கு அடைத்தவள் மாதிரி ஆகிவிட்டாள். பாஸ்டர் என்னிடம், “சகோதரி, அது வெறும் மண்ணு, அதுல தெய்வம் இல்ல” என்கிறார். எனக்கா தெரியாது, மூக்கை ஒட்டினவள் நான். மண் என்று இந்த உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் யார். ஆனால் அந்தத் தரையில் அன்றைக்கு என்கூட இன்னொரு பொம்பிளையும் அடிவாங்கிக் கிடந்தாள். அதை அவரிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் வசனம் எடுப்பார்.

சேவல் டிரம்மையே தூக்கிவிடும் போல அடிக்கிறது, மூடியின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறேன், உள்ளங்கையில் தட்டுகிறது, தட்டுகிறது. அழுத்துவது என்றால் அது ஞாபகம் வரும். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி, இடுப்பு உயரம், பாசி பிடித்தது. ஏதோ ஒரு கறிக்குழம்பு உப்புக் கரித்தது என்று ஆரம்பித்தது. பின்கழுத்தைப் பிடித்து உள்ளே அழுத்தினார். தண்ணீருக்குள் சத்தம் வேறு மாதிரி இருக்கும், பக்கத்து வீட்டு டி.வி. ஒரு குடத்துக்குள் ஓடுகிற மாதிரி. முதலில் மூச்சை அடக்கினேன், பிறகு மூக்கு வழியாக உள்ளே போனது, மூக்குக்குப் பின்னால், கண்ணுக்குப் பின்னால் மிளகாய் அரைத்து வைத்த மாதிரி எரிச்சல், தொட்டியின் அடியில் ஒரு ஸ்பூன் கிடந்தது, தொலைந்துபோனதென்று நான் தேடின ஸ்பூன், அட இங்கேயா கிடக்கிற என்று நினைத்தேன், சாகப்போகும்போது மனுஷிக்கு என்ன நினைப்பு பாருங்கள். பிறகு விட்டுவிட்டார். ஏன் விட்டார் என்று தெரியாது. மறுநாள் அவருக்கு ஞாபகமே இல்லை, நான் தலையில் துண்டு கட்டியிருப்பதைப் பார்த்து, “காய்ச்சலா” என்று கேட்டார். ஞாபகமில்லாததற்கு ஒருத்தர் எப்படி மன்னிப்புக் கேட்பார். போன மாதம் கால்வாயில் இன்னொரு பெண்ணுக்கு முழுக்குக் கொடுத்ததைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். பாஸ்டர் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார், அந்தப் பெண் கையை நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொள்கிறாள், பாஸ்டர் ஒரு கையைப் பின்கழுத்தில் கொடுத்து, ஒரு கையால் மூக்கைப் பிடித்து, அப்படியே மல்லாக்காகச் சாய்த்து முக்கி எடுத்தார். பின்கழுத்தில் கை. கரையில் எல்லாரும் பாடுகிறார்கள், கை தட்டுகிறார்கள், அவள் எழும்பி இருமிக்கொண்டே சிரிக்கிறாள், நல்ல சந்தோஷமான முகம், பொய்யில்லை. பழைய ஆள் செத்தாச்சு, புது ஆள் எழும்பியாச்சு என்று பாஸ்டர் சொன்னார். எனக்குச் சிறுநீர் இறங்கிவிட்டது. சேலையோடு கால்வாயில் காலை நனைக்கிற மாதிரி இறங்கி நின்றுகொண்டேன், யாருக்கும் தெரியாது.

இருந்தாலும் பாஸ்டரை நான் குறை சொல்ல மாட்டேன், சொன்னால் என் நாக்கு அழுகும். இவர் குடியை விட்ட நாலு நாள் இருக்கிறதே, அந்த நாலு நாளும் பாஸ்டர் எலியேசர் எங்கள் வீட்டில் தரையில் பாய் போட்டு இருந்தார். இவர் உடம்பு உதறுகிறது, சுவரில் எறும்பு ஊறுகிறது என்கிறார், என்மேல் கோழி ஏறுது என்கிறார், வாந்தி, பேதி, எல்லாம். எங்கள் சாமியார் வந்து வாந்தி அள்ளவில்லை. என் மாமியாரின் ஐயர் வந்து நின்றபடியே ஒரு ஜெபம் பண்ணிவிட்டுக் காப்பி வேண்டாமென்று போனார். இந்த மனுஷன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வாளியைப் பிடித்து, துணியால் துடைத்து, இவர் முகத்தில் ஓங்கிக் குத்தினபோது பல் ஆடி ரத்தம் வந்ததையும் துப்பிவிட்டு, “ஒண்ணுமில்ல பிரதர், ஒண்ணுமில்ல” என்றார். பதினாறு மாதம் ஆகிறது. பதினாறு மாதமாக என் உடம்பில் ஒரு புது அடையாளம் கிடையாது. இதற்கு நான் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்லத்தான் வேண்டும், நன்றியில்லாதவள் என்று எங்கள் அம்மா என்னை வளர்க்கவில்லை. ஆனால் போன கூடுகையில் இவர் மைக் பிடித்துச் சாட்சி சொன்னார், நான் குடிகாரனா இருந்தேன், மனைவியை மிருகத்தனமா அடிச்சேன், ஆண்டவர் என்னை மன்னிச்சார், என்றதும் முன்னூறு பேர் அல்லேலூயா என்றார்கள், பக்கத்தில் இருந்தவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், எனக்குக் கல்யாணம் ஆன மாதிரி. ஆண்டவர் மன்னித்தார், சரி. அடி வாங்கினவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு மன்னித்திருக்கலாம். அவ்வளவுதான் என் மனத்தாங்கல். பெரிதாக ஒன்றுமில்லை.

இரண்டு வாரமாக இவர் கை மறுபடி நடுங்குகிறது. கத்தியைப் பிடித்தால் நுனி ஆடுகிறது. டாஸ்மாக் இருக்கிற தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போய் வருகிறார், வந்தால் சட்டை முழுக்க வேர்வை. பாஸ்டரிடம் சொல்லியிருக்கிறார், பாஸ்டர் வீட்டில் ஏதும் விக்கிரகம் இருக்கா என்று கேட்டிருக்கிறார், இவர் அதெல்லாம் எப்பவோ தூரப் போட்டாச்சு என்றிருக்கிறார், நான்தான் சுரூபத்தைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தேனே. அதே வாரம் கெசியா ஞாயிறுபள்ளியில் பாஸ்டரம்மா மடியில் உட்கார்ந்துகொண்டு, “எங்கம்மா தீவனத்துக்குப் பின்னால ஒரு ஆள ஒளிச்சு வச்சிருக்கா, மூக்கு கோணலா இருக்கும், எங்கம்மா அதுட்ட பேசுவா” என்று சொல்லிவிட்டது. முதலில் அவர்கள் என்ன நினைத்தார்களோ, பாஸ்டரம்மா முகம் செத்துப்போய்த்தான் வந்தார்கள். சாக்கை விலக்கிப் பார்த்த பிறகு, “இதுதான் வாசல். இது வழியாத்தான் அந்தக் குடி ஆவி திரும்ப வரப் பாக்குது, ஒளிச்சு வச்சவங்க கையாலேயே உடைக்கணும்” என்றார்கள். அன்றைக்கு இவர் என்னை ஒன்றும் செய்யவில்லை. சாப்பிடவில்லை, அவ்வளவுதான். பிறகு, “ஒனக்கு நான் வேணுமா, அந்தப் பொம்மை வேணுமா” என்றார். கேட்டவர் கையைப் பார்த்தேன், மேசை விளிம்பைப் பிடித்திருந்தது, முட்டி வெளுத்து. அந்த மண்ணை உடைக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. இவர் குடிக்க மாட்டார் என்றால் நூறு உடைப்பேன், எங்கள் ஊரில் மாதாவுக்குக் கட்டின கெபியையே இடித்துத் தருவேன், மாதா என்னைக் கோபிக்க மாட்டாள், பிள்ளை வைத்திருக்கிறவளுக்குப் பிள்ளைக்காரியின் கஷ்டம் தெரியும். ஆனால் உடைத்த பிறகும் கை நடுங்கினால். அடுத்த வாசல் எது. ஈர்க்குச்சியா. நானா. கெசியாவா. இது நேற்றைக்கு முன்தினம் ஒரு கோழிக்கும் இன்னொரு கோழிக்கும் நடுவில் வந்த நினைப்பு, அதிலிருந்து கூடவே இன்னொன்றும் வந்தது, அதைத்தான் மூன்று நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன். அன்றைக்குக் குடித்துவிட்டு உடைத்தார். குடி உடைத்தது, பிசாசு உடைத்தது, ஆசீர் உடைக்கவில்லை என்று நான் என்னையே சமாதானம் பண்ணி அஞ்சு வருஷம் குடித்தனம் நடத்திவிட்டேன். அப்படியென்றால் குடிக்காத ஆசீர் கையில் சுத்தியலைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார். ஓங்க முடியாமல், நான் ஒட்டின மூக்கைப் பார்த்து, வேண்டாம் ஜெசி, இருந்துட்டுப் போட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொன்ன அடுத்த நிமிஷம் நானே வாங்கிச் சுக்குநூறாக உடைத்துவிட்டு, கால்வாய் என்ன, கடலிலேயே முங்குவேன், பின்கழுத்தில் யார் கை வைத்தாலும் சரி. சொல்லாவிட்டால். சொல்லாவிட்டால் முங்க மாட்டேன். அவ்வளவுதான் கணக்கு. இதை யாரிடமும் சொல்லவில்லை, மாதாவிடம்கூடச் சொல்லவில்லை, அவள் இதில் ஒரு கட்சி.

ஒரு மணி பத்துக்கு வந்துவிட்டார்கள். இவர் வெள்ளைச் சட்டை, நெற்றியில் வேர்வை, பாஸ்டரம்மா சேலையை ரத்தம் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாஸ்டர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கோழிக்கடைக்குள் செருப்பைக் கழற்றி வருகிற ஒரே ஆள் அவர்தான். “ஆயத்தமா சகோதரி?” “ஆயத்தம்தான் ஐயா.” கறி வெட்டுகிற கட்டையை ஈரத்துணியால் துடைத்தேன், துடைத்தாலும் சிவப்பு போகாது, அது மரத்துக்குள்ளேயே ஊறிப்போனது. மூட்டையை நகர்த்திச் சாக்கை எடுத்து, பிரித்து, மாதாவைக் கட்டைமேல் நிறுத்தினேன், தீவனத் தூசி முந்தானையெல்லாம். பாஸ்டர் கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம் பண்ணினார். ஆமென் சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்தேன், எடுத்து இவரிடம் நீட்டினேன். “ஏங்க, நீங்க உடைங்க.” “ஏட்டி, என்ன வெளையாட்டு.” “இல்ல சகோதரி, உங்க கையாலதான்…” “ஐயா, போன தரம் இவுக உடைச்சாக, நான் ஒட்டிட்டேன். அப்ப குடிச்சிருந்தாக. இப்ப குடிக்காம ஒருதரம் உடைக்கட்டும். நான் பாக்கணும்.” பாஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், புரிந்துகொண்டாரோ என்னவோ, வாயைத் திறந்தார், அதற்குள் பாஸ்டரம்மா, “குடும்பத் தலைவர் உடைச்சாலும் சரிதாங்க, நேரமாவுது” என்றார்கள். இவர் சுத்தியலை வாங்கினார். வாங்கின கை நடுங்கியது. நடுங்குகிறது, அவரால் முடியாது, சொல்லுங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க. அவர் கை நடுங்குவதை அவரே பார்த்தார். ஓங்கினார்.

முதல் அடியில் தலை போய்விட்டது. உள்ளே கூடு, கொஞ்சம் தேங்காய் நார், வேறொன்றுமில்லை. பாஸ்டரம்மா, “ஸ்தோத்திரம்” என்றார்கள். இரண்டாவது அடி மார்பில், மூன்றாவது அடியில் பாதம் வரை போய்விட்டது, நாலு, ஐந்து, துண்டுகளைத் தேடித் தேடி அடிக்கிறார், ஆறு, மாவு பறக்கிறது, வெள்ளைச் சட்டையில் வெள்ளை, கூண்டுக்குள் கோழியெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கிக் கத்துகிறது, இப்போது அவர் அடிப்பது வெறும் கட்டை, சுண்ணாம்புத்தூளும் பழைய ரத்தமும், பாஸ்டர், “போதும் பிரதர்” என்கிறார், கேட்கவில்லை, ஒரு வார்த்தை பேசாமல், மரம் வெட்டுகிற மாதிரி. “அப்பா, செத்துட்டுப்பா” என்றாள் கெசியா முட்டை அட்டைக்குப் பக்கத்திலிருந்து, கோழிக்கடையில் வளர்ந்த பிள்ளை, அதற்குத் தெரியும் எப்போது நிறுத்த வேண்டுமென்று, “செத்துட்டுப்பா, விடு.” நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஐந்து வருஷத்தில் இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை, கீழே கிடப்பவளுக்கு முகம் எங்கே தெரியும், கால்தான் தெரியும். இப்போது நேருக்கு நேர், பட்டப்பகலில், இரண்டு முழ தூரத்தில். கோபமே இல்லை. பயம். இருட்டில் தனியாக விட்ட பிள்ளையின் பயம், கண் விரிந்து, உதடு உள்ளே மடிந்து. அட, இவ்வளவுதானா, பயந்துகொண்டா இத்தனை அடியும் அடித்தீர்கள், என்று ஒரு நிமிஷம் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது, கன்னத்தைத் துடைத்துவிடலாமா என்றிருந்தது. அடுத்த நிமிஷம் இன்னொன்றும் புரிந்தது. குடியென்றால் நாலு நாள் வாளி பிடித்தால் இறங்கும். கோபமென்றால் தூங்கி எழுந்தால் இறங்கும். இது இறங்காது. இதற்கு எப்போதும் உடைக்க ஒன்று வேண்டும், இப்போது கட்டைமேல் உடைக்க ஒன்றும் மிச்சமில்லை.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பாஸ்டர் நெற்றியைத் துடைத்துவிட்டு, “அப்ப அடுத்த ஞாயிறு காலையில ஏழு மணிக்கு, ஒரு மாத்துச் சேலை கொண்டாந்துடுங்க சகோதரி” என்றார், குரலில் சுருதி இல்லை. “நான் வரல ஐயா.” “என்னது?” “முழுக்குக்கு நான் வரல. எனக்கு ஒரு தரம் தண்ணி ஊத்தியாச்சு, அது போதும். நீங்க இவுகள விட்டுராதீங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்.” பாஸ்டரம்மா, “அது பேசுறது அவ இல்ல, அவளுக்குள்ள இருக்கது” என்றார்கள். “நான்தாங்க அக்கா பேசுதேன். ஜெசிந்தா.” இவர் திரும்பினார். சுத்தியல் பிடித்த கை இன்னும் இடுப்புக்கு மேலேதான் இருந்தது, அதில் சுண்ணாம்பு, முட்டி வெளுத்து, அதே முகம், இப்போது என்னைப் பார்த்து. பாஸ்டர் ஒரு அடி எடுத்து வைத்தார், நான் வேண்டாமென்று தலையை ஆட்டினேன். என் கையில் வெட்டுக்கத்தி இருந்தது, எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது, காலையிலிருந்து அதைப் பிடித்த கை, நான் அதை ஓங்கவில்லை, கீழேயும் வைக்கவில்லை. முழங்கையைத் தலைக்குத் தூக்கவில்லை. அருள் நிறைந்த மரியே சொன்னேன், வாய்க்குள், மெதுவாக, அவசரமே இல்லாமல், முழுதாக ஒன்று, அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். வாசலில் வெள்ளைச் சேலைப் பெண் ஒருத்தி பாத்திரத்தோடு வந்து நின்று, உள்ளே பார்த்தாள். கோழிகள் கத்துவதை நிறுத்தியிருந்தன. அவர்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினார். சுத்தியலைக் கட்டைமேல் வைத்தார், சத்தம் வராமல். நான் அதை எடுத்து என் பக்கம் வைத்துக்கொண்டேன்.